மார்கழியில் சமணர் மலை ஏறுவோருக்கு

மதுரை காளவாசலிலிருந்து தேனி சாலையில் சென்று, நாகமலைப் புதுக்கோட்டையில் திரும்பினால் கீழக்குயில்குடி சமணர் மலை.

• மார்கழி, தை மாதங்களில் அதிகாலைப் பனியால் பாறை ஈரமாக இருக்கும். பாசி படிந்த இடம் வழுக்கும். வெயில் பட்டுக் காய்ந்தபின் ஏறுவதே பாதுகாப்பு.

• தேய்ந்த செருப்பு ஆகாது. அடிப்பாகம் நன்கு பிடிக்கும் ரப்பர் காலணி தேவை.

• பாறையில் வெட்டிய படிகளில் முழுப் பாதத்தையும் பதிக்க வேண்டும். இறங்கும்போது உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, சிறு எட்டாக வைத்தால் சறுக்காது.

• மலையிலுள்ள பேச்சிப்பள்ளத்தின் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையானவை. அவற்றைப் பிடித்து ஏறவோ, மேலே கிறுக்கவோ கூடாது.

• வெயில் ஏற ஏறப் பாறை சுடும்; நிழலும் குறைவு. போதிய தண்ணீருடன் சென்று, உச்சிப்பொழுதுக்கு முன்பே இறங்கிவிடுவது நல்லது.