தேனீக்கு வழி மறக்குமா?

நம்பிக்கை: தேனீ பெட்டிக்குத் திரும்பவில்லை என்றால் ஒன்று பூச்சிமருந்து, இல்லையேல் பஞ்சுருட்டான் குருவி. வழி மட்டும் அதற்கு மறக்காது.

உண்மை: மருந்தும் குருவியும் தேனீயைக் கொல்வது நிஜம்தான். ஆனால் அம்பாத்துரை, காந்திகிராமம் பக்கத்துத் தோப்புகளில் பெட்டி வைப்பவர்கள் மூன்றாவதாக ஒட்டுண்ணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேனீ வழி தெரிந்து பிறப்பதில்லை. பெட்டியைச் சுற்றிப் பறந்து அடையாளங்களைப் படிக்கிறது. முருங்கை பூத்தால் அந்த மணம், புளி பூத்தால் இந்த மணம் என்று ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்கிறது. நோசிமா என்ற நுண்ணுயிர் குடலில் தங்கிவிட்டால், தேனீ வயது வருமுன்பே வெளிவேலைக்குக் கிளம்பிவிடுகிறது. கூடு திரும்பும் திறனும் குறைகிறது. வரோவா உண்ணி ஒட்டிய இத்தாலியத் தேனீக்களும் திரும்ப அதிக நேரம் எடுக்கின்றன, பல திரும்புவதே இல்லை. நோசிமா கற்றலையே கெடுக்கிறதா என்பதில் மட்டும் சோதனைகள் ஒத்துப்போகவில்லை.

நம்பிக்கை: வயிற்றுக் கிருமி மூளையை என்ன செய்துவிடும்?

உண்மை: எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு மணத்தைக் காட்டி உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால், சில முறைக்குள் அந்த மணத்துக்கே தேனீ நாக்கை நீட்டும். 2003இல் மாலன், ப்ரோக்மன், ஷ்மிட்-ஹெம்பல் மூவரும் தேனீக்களுக்கு உயிருள்ள கிருமி எதையும் கொடுக்காமல், பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை மட்டும் செலுத்தினார்கள். உடலின் எதிர்ப்பு வேலை தொடங்கியது, மணப்பாடம் மந்தமானது. நோயோடு போராடுவதற்கே ஒரு விலை உண்டு, அது கற்றலில் கழிகிறது. இவர்களில் ப்ரோக்மன் பின்னர் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் நம் நாட்டுத் தேனீக்களை ஆராய்ந்தவர்.

நம்பிக்கை: நடத்தையை மாற்ற ஒட்டுண்ணி மூளைக்குள்ளேயே போக வேண்டும்; பூஞ்சை ஆட்டிவைக்கும் ‘ஜாம்பி எறும்பின்’ மூளைக்குள் அது குடியேறுகிறதே.

உண்மை: இல்லை. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பூஞ்சை தசை நார்களைச் சுற்றி வலை பின்னியிருந்தது, மூளைக்குள் நுழையவில்லை.

நம்பிக்கை: நம் நாட்டுத் தேனீக்கு நோய் அண்டாது.

உண்மை: வரோவாவுக்கு அது ஈடுகொடுக்கும், உண்ணியைக் கடித்து அகற்றும். ஆனால் நோசிமா செரானே 1996இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே நாட்டுத் தேனீயின் இனத்தில்தான். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலியாக்கியதை மூத்த தேனீ வளர்ப்பாளர்கள் அறிவார்கள்.

வெளிவேலைத் தேனீக்கள் குறைந்தால் பெட்டியை இடம் மாற்றும் முன், சிலவற்றின் வயிற்றை நீரில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். நோசிமா இருந்தால் நெல்மணி வடிவ வித்துகள் தெரியும். பழைய அடைகளை அப்போதே மாற்றிவிடுங்கள்.