ஆத்துமா திருப்தியாவது எப்படி?

(வேத பாடம்: ஏசாயா 58, யோவான் 4:31-34)



"பாஸ்டர், முழு இரவு ஜெபத்துக்கு வர்றேன், உபவாசம் இருக்கேன். ஆனாலும் உள்ளே வறட்சியா இருக்கு" என்று சொல்லுகிற விசுவாசிகளை நான் அடிக்கடி சந்திக்கிறேன். தடை எங்கே? வேதத்தைப் பார்ப்போம்.

1. உபவாசம் யாருக்காக?

ஏசாயாவின் நாட்களிலும் ஜனங்கள் இதையே கேட்டார்கள். கர்த்தர் அவர்களைப் பசித்தவனிடத்துக்கு அனுப்பினார். 10, 11 வசனங்களைக் கவனியுங்கள். முதலில் பசித்தவனைத் திருப்தியாக்குதல். பிறகே நம் ஆத்துமாவின் திருப்தி. இந்த ஒழுங்கை மாத்திடாதீங்க.

2. இயேசுவின் போஜனம்

கிணற்றருகே களைத்து உட்கார்ந்தவர், சமாரிய ஸ்திரீயோடு பேசி முடித்தபின், சீஷர் கொண்டுவந்த உணவைத் தேடவில்லை. பிதாவின் சித்தம் செய்வதே அவருக்குப் போஜனமாயிருந்தது.

3. நம்ம ஊரில் ஒரு சாட்சி

1762-ல் திருச்சிக்கு வந்த ஸ்வார்ட்ஸ் ஐயர், 1766-ல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். கட்டிடத்தோடு நின்றாரா? இல்லை. திக்கற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஹைதர் அலி 1780-ல் படையெடுத்தபின் தஞ்சாவூரில் பஞ்சம் வந்தது. முன்கூட்டியே அவர் வாங்கி வைத்திருந்த அரிசி அநேகரின் உயிரைக் காத்தது. 1798-ல் மரிக்கும்வரை, திருமணமின்றி, எளிமையாகவே வாழ்ந்தார்.

4. மார்த்தாளின் எச்சரிக்கை

"ஓடி ஓடிச் செய்றேன், சோர்வுதான் மிச்சம்" என்கிறீர்களா? லூக்கா 10-ல் மார்த்தாளும் அப்படித்தான் கலங்கினாள். தவறு வேலையில் இல்லை; கண் தங்கையின்மேல் போய்விட்டது. இயேசுவின் பாதத்தில் பெற்றுக்கொண்டு போகிறவன் முறுமுறுக்கமாட்டான். இரட்சிப்பைச் சம்பாதிக்க நாம் சேவை செய்வதில்லை, இரட்சிக்கப்பட்டதால் செய்கிறோம்.

5. இந்த வாரம் என்ன செய்யலாம்?

நம்ம புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்த தாய்க்கு? வெளியே காத்திருக்கிற அவளிடம், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேளுங்கள். ஒரு பொட்டலம் இட்லி, பிளாஸ்க்கில் வெந்நீர் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டை வாசித்துக் காட்டுங்கள். வாலிபர்கள் இரத்த தானம் செய்யலாம். சபைக்கு வந்தால்தான் உதவி என்று பேரம் பேசாதீங்க. அவர்களே கேட்டால் ஜெபியுங்கள்.

பிரியமானவர்களே, தேங்கின தண்ணீர் நாறிப்போகும். பாய்கிற வாய்க்கால்தான் வயலையும் நனைக்கும், தன் கரையையும் பசுமையாக்கும். கர்த்தர் உங்களை அப்படிப்பட்ட வாய்க்காலாக மாற்றுவாராக. ஆமென்!