டி.பி. மாற்றுவது கடைசி வேலை

வீட்டில் இரண்டாவது ஏ.சி. வந்ததும் மெயின் எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகத் தொடங்கும். அதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுவது. அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய் செலவு. ட்ரிப் ஆவதும் நின்றுவிடும். நின்றது எச்சரிக்கை மட்டும்தான். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை; ஏ.சி.யைக் காப்பது அதன் வேலை இல்லை. கண்டியூட் பைப்புக்குள் போகும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி சுமார் 15 ஆம்பியர் தாங்கும். அதில் 30 ஆம்பியர் ஓடினால் எழும் வெப்பம் நான்கு மடங்காகிவிடும், ஏனென்றால் கம்பியின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ 30 ஆம்பியர் என்பது நாள் முழுக்க அனுமதிக்கக்கூடிய சாதாரண அளவு. கம்பியின் பி.வி.சி. உறை பொதுவாக 70 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுவது. அது இளகிப்போய் ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளும் வரை பெரிய எம்.சி.பி. வாய் திறக்காது. ஆகவே வீட்டின் மின் கொள்ளளவைக் கூட்ட நினைப்பவர்கள் டி.பி. என்ற விநியோகப் பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. மின்பளு, கம்பி, எர்த், ஆர்.சி.சி.பி., ஈ.பி. விண்ணப்பம், அப்புறம்தான் டி.பி. என்பதே சரியான வரிசை. தமிழ்நாட்டு வீடுகளை வைத்து அந்த வரிசையையும் அதற்கான காரணங்களையும் கீழே பார்க்கலாம்.

ஒரு வரம்பை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்குப் போடுவதும் கேள்வி கேட்பதும் செய்த வேலையைச் சரிபார்ப்பதும் வீட்டுக்காரர் பங்கு. கம்பியில் கை வைப்பது, அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று உள்ள கம்பியாளரும் செய்ய வேண்டியது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டர் பக்கத்தில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் டி.பி.க்குள்ளும் சில கம்பிகளில் இருக்கும். மீட்டரின் சீலை ஈ.பி. ஊழியர் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது.

முதல் படி: மின்பளுவைக் கூட்டிப் பார்ப்பது

ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு இருக்கும். அதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,600 வாட், கீசர் 2,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, இஸ்திரிப் பெட்டி 1,000, ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஏறத்தாழ 1,000. ஃபிரிட்ஜ், மின்விசிறிகள், விளக்குகள், டி.வி. எல்லாம் சேர்ந்து 800. இரண்டு ஏ.சி. உள்ள வீட்டில் கூட்டுத்தொகை 10,000 வாட், அதாவது 10 கிலோவாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் 43 ஆம்பியருக்கு மேல் வரும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உண்மை. ஆனால் பனிக்கால விடியலில் கீசர், இண்டக்‌ஷன், மோட்டார், இஸ்திரிப் பெட்டி நான்கும் சேர்ந்து ஓடும் அரை மணி நேரம் எந்த வீட்டிலும் வரும். மற்றச் சில்லறைப் பளுவோடு சேர்த்தால் அதுவே 6.8 கிலோவாட், ஏறத்தாழ 30 ஆம்பியர். கோடை இரவில் இரண்டு ஏ.சி.யோடு இண்டக்‌ஷனும் அதே சில்லறைப் பளுவும் ஓடினால் 26 ஆம்பியர். ஆகவே இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளின் மொத்தம் ஈ.பி. விண்ணப்பத்துக்கு, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய உச்ச அளவு கம்பிக்கும் மெயினுக்கும். அடுத்த சில ஆண்டுகளில் மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சேருங்கள். வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றுவதற்கே சுமார் 3 கிலோவாட் போகும். சுவரில் பொருத்தும் சார்ஜர் என்றால் 7 கிலோவாட்டைத் தாண்டும்.

இரண்டாம் படி: கம்பியை விசாரிப்பது

“முப்பது வருஷமாக இதே வயரிங்தான், ஒன்றும் ஆகவில்லையே” என்பது இந்த இடத்தில் எழும் முதல் ஆட்சேபம். முப்பது வருஷம் தாங்கியது மின்விசிறியும் டியூப் லைட்டும் டி.வி.யும் இழுத்த பளுவை. அந்த அனுபவம் கீசருக்கும் இண்டக்‌ஷனுக்கும் சான்றாகாது. பழைய பி.வி.சி. உறை சூட்டில் விறைத்து, வளைத்தால் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கலாம். சில பழைய வீடுகளில் அலுமினியக் கம்பியே இருக்கிறது. அதே தடிமனில் அது செம்பைவிடக் குறைவாகவே தாங்கும், இணைப்புகளும் நாளாக ஆகத் தளர்ந்து சூடேறும். எனவே கம்பியாளரை வரவழைத்து மூன்று வேலைகளைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டும் எந்த அறைக்குப் போகிறது, அதன் கம்பி எத்தனை சதுர மி.மீ. என்று குறித்துத் தர வேண்டும். பளுவை ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரால் ஓடும் ஆம்பியரை அளக்க வேண்டும். மெயினை அணைத்து, கருவிகளைப் பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் கம்பியின் உறையைச் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு புது டி.பி.யைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இந்தச் சோதனை முடிந்ததும் எம்.சி.பி. அளவு தானாகவே தீர்மானமாகிவிடும். ஓடும் மின்னோட்டம் எம்.சி.பி.யின் அளவைத் தாண்டக் கூடாது, எம்.சி.பி.யின் அளவு கம்பி தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. இந்த விதிப்படி 1.5 சதுர மி.மீ. கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 என்பது வீட்டுக்குப் பாதுகாப்பான பொருத்தம். விளக்கு, மின்விசிறிக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. கம்பி. மீட்டரிலிருந்து டி.பி. வரும் மெயின் கம்பியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அறைகளுக்கெல்லாம் புதுக் கம்பி இழுத்துவிட்டு, 30 ஆம்பியர் போகவேண்டிய அந்தக் கம்பியைப் பழைய 4 சதுர மி.மீ.யிலேயே விட்டால் செய்த செலவு அத்தனையும் அந்த ஒரு இடத்தில் தடுக்கி நிற்கும். ஒருமுனை இணைப்பில் அங்கே 10 சதுர மி.மீ. போடுவது நிதானமான முடிவு.

மூன்றாம் படி: எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

வரிசையில் அதிகமாகத் தவிர்க்கப்படுவது இந்தப் படி. உயிரைக் காப்பதும் இதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் அவரவர் மண்ணில் அவரவர் எர்த். 40 மி.மீ. விட்டமுள்ள இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயைக் குழியில் இறக்கி, நன்றாகவே செய்திருக்கிறது, தடை 5 ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி.யின் உலோக உடலில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியே ஓடுவது 230-ஐ 5-ஆல் வகுத்த 46 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது 1.44 மடங்கு. தரவிதிப்படி 1.45 மடங்கில்கூட ட்ரிப் ஆக ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. அத்தனை நேரமும் அந்த உடல் தொட்டவரைக் கொல்லும் நிலையில் இருக்கும். நல்ல எர்த்தும் எம்.சி.பி.யும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை இந்த ஒரு கணக்கில் உடைந்துவிடுகிறது. முதல் பத்தியில் பார்த்த 32 ஆம்பியர் வைத்தியத்தின் இன்னொரு கேடும் இதிலேயே தெரிகிறது.

ஆர்.சி.சி.பி. வேறு வகையில் வேலை செய்கிறது. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கும். வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். அதைவிடப் பெரிய கசிவுக்கு இன்னும் வேகம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் அளவையே சொல்கின்றன. கடைக்காரர் 100 அல்லது 300 மில்லியாம்பியர் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை தீயைத் தடுக்க உதவும், தொட்ட மனிதரைக் காப்பாற்றாது. இது ஓவர்லோடுக்கோ ஷார்ட் சர்க்யூட்டுக்கோ ட்ரிப் ஆகாது என்பதால் எம்.சி.பி.க்கு மாற்றும் ஆகாது, இரண்டும் வேண்டும்.

“மழைக்காலம் வந்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது, பிடுங்கிப் போட்டுவிட்டோம்” என்ற குறை பரவலானது. அதில் நியாயம் உண்டு, தீர்வுதான் தவறு. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது உண்மையான கசிவு: ஈரமான வாசல் விளக்கு, பழுதான கீசர் காயில், தண்ணீர் இறங்கிய மோட்டார். இரண்டாவது, எங்கோ ஒரு பிளக்கில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருப்பது. மூன்றாவது, இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரில் ஓடும் விளக்குகளின் நியூட்ரலை ஈ.பி. நியூட்ரலோடு கலந்து கட்டியிருந்தால், போன வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று ஆகிவிடும், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றே படிக்கும். இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் நியூட்ரலைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஓர் ஆர்.சி.சி.பி. போட்டால் இந்தத் தொல்லை தீரும். வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்தால், மோட்டாரில் கசிந்ததற்காகப் படுக்கையறை இருளாகாது.

நான்காம் படி: ஈ.பி.யில் விண்ணப்பம்

கம்பி தாங்கினால் போதாதா, ஈ.பி.க்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயரும், தெருவின் டிரான்ஸ்ஃபார்மரும், நீங்கள் பதிவு செய்துள்ள மின்பளுவை வைத்தே கணக்கிடப்பட்டவை. தெருவில் பத்து வீடுகள் சொல்லாமல் ஏ.சி. மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் திணறும், இரவில் வோல்டேஜ் இறங்கும். பிறகு வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்குவார்கள். அது வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும், வோல்டேஜ் மேலும் இறங்கும். கூடுதல் மின்பளு பதிவானால்தான் ஈ.பி.க்கும் கணக்கு தெரியும்.

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துக் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் ஒருமுனை இணைப்பை மும்முனையாக மாற்றச் சொல்வார்கள். உங்கள் பளுவுக்கு எது பொருந்தும் என்பதையும், வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை எவ்வளவு என்பதையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மும்முனை வந்தால் பில் ஏறும் என்ற பயம் வேண்டாம். மீட்டர் எண்ணுவது யூனிட்டை. ஒரு கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் எந்த இணைப்பிலும் ஒரு யூனிட்தான். மும்முனையின் லாபம், அந்த 43 ஆம்பியர் மூன்றாகப் பங்கிடப்பட்டு ஒரு கம்பிக்கு 15 ஆம்பியர் அளவில் நிற்பது.

ஐந்தாம் படி: இப்போது டி.பி.

இவ்வளவும் முடிந்தபின் டி.பி.யில் யோசிக்க அதிகம் மீதியிருக்காது. உலோகப் பெட்டியாக இருந்தால் அதற்கும் எர்த் கொடுக்க வேண்டும். கண் உயரத்தில், தண்ணீரும் காஸ் சிலிண்டரும் அருகில் இல்லாத இடத்தில், எளிதில் கை எட்டும்படி வையுங்கள். தேவைக்கு மேல் நான்கில் ஒரு பங்கு காலி இடம் இருக்கட்டும். விளக்குகளை இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்தால் ஒன்று போனாலும் தளம் முழுக்க இருட்டாகாது. விளக்கு, பிளக்குகளுக்கு ‘பி’ வகை எம்.சி.பி.; அது அளவின் 3 முதல் 5 மடங்கில் உடனே துண்டிக்கும். மோட்டார், ஏ.சி. போன்றவை கிளம்பும்போது நொடிநேரம் அதிகம் இழுப்பதால் அவற்றுக்கு 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும் ‘சி’ வகை. ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்ற நிற ஒழுங்கைக் கைவிட அனுமதிக்காதீர்கள். கம்பி முனைகளில் லக் போட்டு ஸ்க்ரூவை இறுக்கியிருக்க வேண்டும். டி.பி. கருகுவதற்கு ஓவர்லோடு அளவுக்குத் தளர்ந்த ஸ்க்ரூவும் காரணம்.

மும்முனை டி.பி.யில் இரண்டு எச்சரிக்கைகள். நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கவே கூடாது, அதன் இணைப்பு எல்லாவற்றையும்விட உறுதியாக இருக்க வேண்டும். நியூட்ரல் மட்டும் அறுந்தால், குறைந்த பளுவுள்ள ஃபேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கி டி.வி.யும் ஃபிரிட்ஜும் எரிந்துபோகும். அடுத்தது, ஒரு ஃபேஸ் போனால் எல்லாப் பளுவையும் இன்னொன்றுக்குத் திருப்பும் செலக்டர் சுவிட்ச். வசதிதான், ஆனால் மூன்றாகப் பங்கிட்ட பளு முழுவதும் ஒரே கம்பியில் ஏறிவிடும். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, ஏ.சி.யையும் கீசரையும் அதற்கு வெளியே நிறுத்துவதே முறை.

ஆறாம் படி: சரிபார்த்துப் பணம் கொடுப்பது

கம்பியாளர் கிளம்பும் முன் மெக்கர் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். எர்த்தின் தடையை அளந்து எண்ணாக எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் உள்ள ‘டி’ பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். கீசர், இண்டக்‌ஷன், ஏ.சி. எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மெயின் கம்பியில் கிளாம்ப் மீட்டரை வைத்து உங்கள் முதல் கணக்கோடு ஒப்பிடுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, அதன் கம்பி எத்தனை சதுர மி.மீ. என்ற பட்டியலை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நாளை யாராவது “16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டுவிடலாம்” என்றால் பதில் அங்கே எழுதியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இல்லை என்பதே கடைசி ஆட்சேபம். அதற்கும் இந்த வரிசையே பதில், உயிரைக் காக்கும் படி மட்டும் முன்னால் வரும். முதல் மாதம் எர்த்தும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும். பெரிய அளவுக்கு மாற்றிய எம்.சி.பி. எதுவும் இருந்தால் அன்றைக்கே கம்பிக்கு ஏற்றதாகத் திருப்பி மாட்டுங்கள். அடுத்து கீசர், இண்டக்‌ஷன், ஏ.சி.க்குத் தனிக் கம்பி. அதன்பின் மெயின் கம்பியும் கூடுதல் மின்பளுவும். புதுப் பெட்டிக்கான பணம் சேரும்வரை பழைய டி.பி. காத்திருக்கலாம். அதுவரை அடிக்கடி ட்ரிப் ஆனால் கீசர் அணைந்தபின் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். மாதம் ஒருமுறை ‘டி’ பட்டனை அழுத்திப் பாருங்கள்.