சத்தம் கூடினால் இழுவை கூடுமா?

ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கைக்குப் போகிறவர்களுக்குக் கோயில் கோபுரம் தெரியும் முன்பே சீமைக்கருவேலம் தெரிந்துவிடும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுகிறார்கள், கண்மாயைக் காலி செய்யவும் வெட்டுகிறார்கள். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இந்த மரத்தை அகற்றச் சொன்னது. காமராசர் காலத்தில்தான் இது முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தது என்று இன்றும் சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. ஆனால் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் 1876இலேயே விதை கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. இன்றைக்கு மரத்தை விட்டுவிட்டு, அதை அறுக்கும் மிஷினைப் பற்றி உலவும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

முதல் நம்பிக்கை: "எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே ஏற்றிக் குடைந்தால் பவர் கூடும்."

பாதி உண்மை. அதனால்தான் இது ஆபத்தானது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கின்றன, பிஸ்டன்தான் அவற்றுக்குக் கதவு. சாதாரணச் செயின்சாவில் பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி, கிராங்க் சுமார் 100 டிகிரி திரும்பியதும் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும். சுமார் 120 டிகிரியில் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து புதுக் கலவை உள்ளே வரும். எரிந்த புகை தன் அழுத்தத்திலேயே வெளியேற இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள 20 டிகிரிதான் அவகாசம். நிமிடத்துக்கு 13,000 சுற்றில் அந்த 20 டிகிரி ஒரு விநாடியில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும்.

போர்ட்டின் கூரையை உயர்த்தினால் இந்த அவகாசம் நீளும், அதனால் உச்ச வேகத்தில் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும். அதற்கு ஒரு விலை உண்டு. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிடுகிறது. பிஸ்டன் மேலேறும்போது அதே கதவு தாமதமாக மூடுவதால் கம்ப்ரஷனும் குறைகிறது. ஸ்ட்ரோக் 34 மில்லிமீட்டர் உள்ள இன்ஜினில் கூரையை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் திறப்பு மூன்றரை டிகிரி முந்தும், மூடல் மூன்றரை டிகிரி பிந்தும். ஆக ஏழு டிகிரி. கை கொஞ்சம் நழுவினாலே ஒரு மில்லிமீட்டர் போய்விடும்.

அப்படிக் குடைந்த மிஷின் காற்றில் சுற்றும்போது அலறும், கேட்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். மரத்தில் வைத்துச் சுற்று 9,000க்குக் கீழே இறங்கியதும் திணறும். சீமைக்கருவேலம் ஒற்றைத் தண்டாக நிற்கிற மரமும் அல்ல. அடியிலேயே நாலைந்து கிளையாகப் பிரிந்து, முள்ளோடு தரையில் கவிந்து நிற்கும், கட்டையும் கடினம். ஆக்சிலேட்டரை விட்டு விட்டுப் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். அந்த வேலைக்கு நடுச் சுற்றில் இழுவை வேண்டும், உச்சியில் கூச்சல் வேண்டாம். போர்ட் வேலை புதிதாகப் பவரை உண்டாக்குவதைவிட, இருப்பதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதே அதிகம்.

கூரையைத் தொடாமல் பக்கவாட்டில் அகலப்படுத்தலாமா என்றால், அளவோடு செய்யலாம். டைமிங் மாறாமல் வழி மட்டும் பெரிதாகும். ஆனால் அகலம் போர் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும்போது ரிங் வெளியே பிதுங்கி ஓட்டையில் மாட்டும். அதன் பிறகு பிஸ்டனும் மிஞ்சாது, சிலிண்டரும் மிஞ்சாது.

"ஆர்எக்ஸ் 100க்குப் பண்ணியதை இதற்கும் பண்ணலாமே?"

பைக் மெக்கானிக்குகள் இப்படி நினைப்பது இயல்பு. நம் ஊரில் டூ ஸ்ட்ரோக் வித்தை வளர்ந்ததே அந்த வண்டியில்தான். ஆனால் அதன் சைலன்சர் உள்ளே விரிந்து பிறகு சுருங்குகிற குழாய். வெளியே போன அழுத்த அலை அதன் பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடிய புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே மறுபடி தள்ளும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்ஸெட் நிறுவனத்தில் வால்டர் காடன் இதைப் பந்தய வண்டிகளில் பண்படுத்தினார். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் அங்கிருந்து தப்பி சுசுகிக்குப் போனபோது அந்த வித்தையும் கூடவே ஜப்பான் போயிற்று. செயின்சாவின் சைலன்சரோ வெறும் தகரப் பெட்டி. அதில் திருப்பித் தள்ள ஆள் இல்லை, எக்ஸாஸ்ட் அதிக நேரம் திறந்திருந்தால் பெட்ரோல் போனது போனதுதான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஆர்எக்ஸில் ரீட் வால்வு உண்டு, உள்ளே வந்த கலவையைத் திரும்ப விடாது. பெரும்பாலான செயின்சாக்களில் இன்டேக்கைத் திறந்து மூடுவது பிஸ்டனின் கீழ் விளிம்பு. அதை அறுத்துக் குட்டையாக்கினால் போர்ட் சீக்கிரமும் திறக்கும், தாமதமாகவும் மூடும். மெதுவாக ஓடும்போது கலவை கார்புரேட்டர் வழியாகப் பின்னால் துப்பும். ஏர் ஃபில்டர் எந்நேரமும் பெட்ரோலில் நனைந்திருந்தால் பிஸ்டனின் கீழ் விளிம்பைப் பாருங்கள்.

"அடி கேஸ்கட்டை எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் ஏறும்." ஏறத்தான் செய்யும். ஆனால் சிலிண்டரே கீழே இறங்குவதால் எக்ஸாஸ்டும் டிரான்ஸ்ஃபரும் தாமதமாகத் திறக்கும், இன்டேக் முன்கூட்டித் திறக்கும். மூன்று டைமிங்கும் மாறிவிடுகிறது. எடுக்கும் முன் ஈயக்கம்பியை பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவர்வரை விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து, நசுங்கிய நுனியை அளந்து பாருங்கள். கேஸ்கட்டின் கனத்தைக் கழித்த பிறகு அரை மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். அதற்குக் குறைந்தால் முழு வேகத்தில் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

"தேய்ந்தால் லேத்தில் கொடுத்து ரீபோர் பண்ணிக்கொள்ளலாம்." முடியாது. ஆர்எக்ஸ் சிலிண்டருக்குள் இரும்பு லைனர் இருக்கிறது, அதனால் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டினோம். செயின்சா சிலிண்டர் அலுமினியம். அதன் உள்சுவரில் குரோமோ, நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சோதான் இருக்கும், கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போர் போட்டால் பூச்சு போய்விடும். போர்ட்டைக் குடையும்போதும் விளிம்பில் பூச்சு உரியாமல் பார்த்து, கடைசியில் ஓரத்தை மழுக்கிவிட வேண்டும். பல இடங்களில் இந்த மழுக்கல் வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஆயில் விஷயமும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லி என்பதை 40 ஆக்கினால் இன்ஜினுக்குக் கூடுதல் காப்பு என்று ஊற்றுகிறார்கள். அதே ஜெட் வழியாக ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும், கலவை வறளும், எக்ஸாஸ்டில் கரி படியும். காப்பு வேண்டுமென்றால் கம்பெனி சொன்ன அளவில் நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் போதும்.

சிலிண்டரைக் கழற்றாமலே கிடைக்கிற பலனும் உண்டு. பல மிஷின்களில் சைலன்சரின் வாய் சின்னது. அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, கார்புரேட்டரின் ஹெச் ஸ்குருவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டினால் நடுச் சுற்றிலேயே இழுவை தெரியும். ஸ்குருவைத் தொடாமல் விட்டால் சத்தம் ஜோராக ஏறும், பிஸ்டன் பிடித்துவிடும். சைலன்சருக்குள் இருக்கும் பொறித் தடுப்பு வலையைப் பிடுங்கி எறியாதீர்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும் முள்புதரில் ஒரு பொறி போதும்.

அதற்கும் முன்னால் செயினைப் பாருங்கள். பச்சை மரத்தை அறுக்கும்போது சீவல் சீவலாக விழ வேண்டும். மாவு மாதிரித் தூள் விழுந்தால் இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. தரையை ஒட்டி அறுக்கும்போது செயின் ஒரு தடவை மண்ணைத் தொட்டாலே பல் மழுங்கிவிடும். உருட்டு அரத்தால் பல்லைத் தீட்டிய பிறகு, அதன் முன்னால் நிற்கும் ரேக்கர் பல்லைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்கிறதா என்றும் அளந்து, தேவைப்பட்டால் தட்டை அரத்தால் ராவ வேண்டும். தீட்டத் தீட்டப் பல்லின் உயரம் குறைந்துகொண்டே வரும். ரேக்கரை யாரும் தொடாமல் விட்டிருந்தால், எவ்வளவு கூர்மையான பல்லும் கட்டையில் இறங்காமல் வழுக்கிக்கொண்டுதான் ஓடும்.