பிரிக்காத பரிசு

மாடி அறையை வாடகைக்கு விட ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. சென்னை கிறித்துவக் கல்லூரி பக்கம் என்பதால் வெளிநாட்டிலிருந்து ஒரு பருவம் படிக்க வரும் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். மகேந்திரா சிட்டிப் பக்கம் வேலைக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவரும் எட்டு மாதம் இருந்தார்.

முதலில் வந்தவள் ஸ்காட்லாந்துப் பெண். அந்தக் கல்லூரிக்கு வேரே ஸ்காட்லாந்துதான். ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் 1837-ல் மதராசில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் வளர்ந்து கல்லூரியாகி, 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. இத்தனை காலம் வெள்ளைக்காரர்களோடு பழகிய ஊருக்கு அவர்கள் பழக்கவழக்கம் புதிதா என்று நினைத்திருந்தேன். ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

வந்த அன்றே சிவப்புக் கட்டம் போட்ட ஒரு தகர டப்பாவை என் மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அப்படியே பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். ஏன் நிற்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “பாட்டிக்கு அது பிடிக்கலையா, அக்கா?” டப்பாவில் இருந்தது அவள் ஊர் வெண்ணெய் பிஸ்கட். பிரித்துப் பார்த்து முகம் மலர்ந்தால்தான் கொடுத்தவருக்கு மரியாதை என்பது அவர்கள் வழக்கம். மாமியாரிடம் சொன்னேன். “கொடுத்தவங்க எதிர்லயே பிரிச்சா, அலையறாங்கன்னு நினைக்க மாட்டாங்களாம்மா?” என்றார். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அதனாலேயே இரண்டு பேருக்கும் மனசு வலித்தது. அன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்தார் மாமியார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதல் நாளே ஒரு காபியோடு உட்கார்ந்து, எங்கள் வீட்டு வழக்கத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். செருப்பு வாசலோடு. கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். சாப்பாடு ‘வேண்டாம்’ என்றால் நாங்கள் இன்னும் இரண்டு தடவை கேட்போம், நிஜமாகவே வேண்டாமென்றால் தட்டின் மேல் கையைக் குறுக்கே காட்டிவிடு. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிடுச்சா என்று தெருவில் கேட்பார்கள், அது வம்பு இல்லை, அக்கறை. பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் சிரித்தால் போதும். பிறகு, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

ஜெர்மன்காரரிடம் நான் கற்றுக்கொண்டது வேறு. எதிர்வீட்டு அண்ணன் அவரிடம் “ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார்” என்றார். இவர் உடனே போனை எடுத்து, எந்தத் தேதி என்று கேட்டார். அண்ணன் முகம் மாறிவிட்டது. எனக்கும் அப்போது கொஞ்சம் கோபம்தான். யோசித்துப் பார்த்தால், நாம் ‘வாங்க’ என்பது பிரியத்தைக் காட்ட. தேதி அதில் கிடையாது. அவருக்கோ அழைப்பு என்றால் வாக்கு. இப்போதெல்லாம் வெளிநாட்டவரை அழைப்பதானால் நாளும் நேரமும் சேர்த்தே சொல்கிறேன். ஏழு மணி என்றால் ஏழுக்கு இலை போட்டுவிட வேண்டும்.

அந்த ஸ்காட்லாந்துப் பெண் கிளம்பும் வரை மாமியாருக்கு ஆறாமல் இருந்தது கதவு. அவள் அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வாள். நம் வீடுகளில் பகலில் கதவைச் சாத்தினால் கோபம், இல்லையென்றால் உடம்பு சரியில்லை. மாமியார் நேரே கதவைத் தள்ளிக்கொண்டு போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். தனியாக இருப்பது அவளுக்கு ஓய்வு, நம்மை ஒதுக்குவது இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். “யாருமே இல்லாத மாதிரி எதுக்கு அடைஞ்சு கிடக்குது அந்தப் பொண்ணு” என்பார்.

போன மாதம் என் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மாமியார் பால் டம்ளரோடு போனார். வெளியே நின்று விரலால் இரண்டு தட்டு தட்டினார். “வா பாட்டி” என்று குரல் வந்த பிறகுதான் கதவைத் தொட்டார்.