எருப் புரட்டும் யந்திரம்: பொருளுக்கேற்ற அமைப்பும் பராமரிப்பும்

குப்பையை முறைப்படி குவித்து, உரிய காலத்தில் புரட்டினால் அது நல்ல கூட்டெருவாகும் என்பது விவசாயிகள் அறிந்ததே. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார் வகுத்த முறையில், ஆட்களே குவியலை மூன்று தடவை புரட்டினர். இக்காலத்தில் கரும்பாலைகளிலும் பெரிய பண்ணைகளிலும் டிராக்டருடன் இணைத்த யந்திரம் அவ்வேலையைச் செய்கிறது. ஆயினும், யந்திரம் பொருளின் தன்மையை அறியாது. ஓட்டுபவரே அறிந்து அமைத்தல் வேண்டும். தவறினால் எரு கெடும், யந்திரம் பழுதாகும், சில வேளை மனிதனுடைய கையும் போகும்.

அமைப்பு.— பற்கள் பொருத்திய உருளையொன்று சுழன்று, நீண்ட வரப்புப்போல் குவித்த குப்பையைக் கிளறி எறிவதே இதன் தொழில். பி.டி.ஓ. தண்டு பெரும்பாலும் நிமிஷத்திற்கு 540 சுற்று சுழலுமாறு அமைந்தது. வேகத்தைக் குறைக்க எஞ்சினைத் தணித்தால் உருளையும் தளர்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகையால் எஞ்சினின் வேகத்தை மாற்றாது, தாழ்ந்த கியரில் மெல்ல நகர்த்துதல் வேண்டும். மண் தரையில் பற்கள் தரைக்குமேல் சுமார் 2 அங்குலம் நிற்கட்டும். மிகத் தாழ்ந்தால் கல்லையும் மண்ணையும் வாரும். மிக உயர்ந்தால் அடியில் காற்றுப்படாத பகுதி தங்கி நாற்றமெடுக்கும்.

கரும்புத் தோகை.— இது நீண்டு, உருளையில் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். முன்னரே சாண் நீளத்திற்கு நறுக்கிச் சாணக் கரைசல் தெளித்து ஊறவிடுதல் நலம். முதல் ஓட்டத்தில் உருளையை உயர்த்தி மேற்பாதியை மட்டும் புரட்டி, அடுத்த ஓட்டத்தில் தாழ்த்துக. மழுங்கிய பற்கள் தோகையை அறுக்காது இழுக்குமாதலால், அவற்றைத் தீட்டவோ மாற்றவோ வேண்டும்.

ஆலைக் கழிவு.— பிரஸ்மட் எனப்படும் இது ஈரமும் பாரமும் மிக்கது; பற்களிலும் மூடியிலும் அப்பிக்கொள்ளும். குவியலைத் தாழ்வாக அமைத்து, மிக மெதுவாக ஓட்டுக. சாராய ஆலையின் கழிவுநீர் தெளிக்கும் இடங்களில் அதன் புளிப்பு இரும்பை அரிக்கும். வேலை முடிந்த அன்றே கழுவுதல் அவசியம். பேரிங்குகளின்மீது மட்டும் நீரைப் பீய்ச்சலாகாது.

தென்னைநார்க் கழிவு.— உலர்ந்தால் தூளாகப் பறக்கும். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி, மிகுந்தால் இறுகும். கையிற் பிடித்துப் பிழிந்தால் உருண்டை நிற்கவேண்டும், நீர் ஒழுகலாகாது. அந்தப் பதத்திலேயே புரட்டுக.

புரட்டும் காலம்.— குவியலின் நடுவில் உஷ்ணம் 55 டிகிரி சென்டிகிரேடுக்குமேல் சில நாள் நிலைத்தால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். 70 டிகிரியை நெருங்கினால் எருவாக்கும் நுண்ணுயிர்களும் மடியுமாதலால் உடனே புரட்டவேண்டும். ஓரத்துப் பொருள் நடுவுக்கு வந்ததா என்பதையும் பார்த்தல் வேண்டும். வராவிடில் களை விதை பிழைத்து வயலுக்கே திரும்பும்.

பராமரிப்பு.— தயாரிப்பாளர் குறித்த மணிக்கணக்கின்படி கிரீஸ் இடுக. பற்களின் போல்ட்டுகளைத் தினமும் முறுக்கிப் பார்க்க. உருளை சிக்கினால் ஷியர் போல்ட் எனும் ஆணி முதலில் ஒடிந்து கியர் பெட்டியைக் காக்கும். அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் பூட்டுவோர், சிறு செலவை மிச்சப்படுத்திப் பெருஞ் செலவைத் தேடிக்கொள்வர்.

எச்சரிக்கை.— உருளையில் சுற்றிய தோகையை, எஞ்சின் ஓடுகையில் ஒருவரும் அகற்றலாகாது. பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, உருளை முற்றும் நின்றபின்னரே அணுகுதல் வேண்டும். பி.டி.ஓ. தண்டின் உறை உடைந்திருந்தால், மாற்றும்வரை யந்திரத்தை ஓட்டலாகாது. தளர்ந்த வேட்டி நுனி அதில் சிக்குவதற்கு ஒரு நொடி போதும்.

ஊர்ப் பொதுவில் யந்திரத்தை வாடகைக்கு விடும் இடங்களில், ஓடிய மணி, கிரீஸ் இட்ட நாள், மாற்றிய பற்கள் ஆகியவற்றை ஒரு புத்தகத்திற் பதிந்து, யந்திரத்துடனேயே அனுப்புவது உத்தமம். அடுத்து வாங்குபவர் அதைப் படித்தபின்பே சாவியைப் பெறுவாராக.