டொங்கிள் வேலை செய்யவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

பிள்ளைகள் படிக்கிற பழைய லெப்டொப்பில் டொங்கிள் வேலை செய்யாவிட்டால், உடனே டவுன் கடைக்கு ஓட வேண்டாம். பஸ் காசும் கூலியும் வீணாகலாம். வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. சிம்மைக் கழற்றிப் போனில் போடுங்கள். அங்கும் இன்டர்நெட் வராவிட்டால் கோளாறு டொங்கிளில் இல்லை, டேட்டா முடிந்திருக்கலாம்.

2. போனில் 4ஜி வந்து, டொங்கிள் 3ஜி மட்டும் பிடிக்கிற பழையது என்றால், அது 4ஜி சிக்னலைப் பிடிக்காது. லெப்டொப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

3. தகரக் கூரை சிக்னலை மறைக்கும். யூஎஸ்பி வயர் ஒன்றைப் போட்டு டொங்கிளை ஜன்னலோரம் வையுங்கள். வயர் குட்டையாக இருக்கட்டும்.

4. அடிக்கடி அறுந்தால் வேறு யூஎஸ்பி துவாரத்தில் குத்துங்கள். பழைய துவாரம் தருவது 500 மில்லிஅம்பியர்தான். சிக்னல் குறைந்தால் டொங்கிள் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும்.

5. கனெக்ட் ஆகியும் பக்கம் திறக்கவில்லையா? லெப்டொப்பின் திகதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்தால் வருஷமே பின்னுக்குப் போய்விடும். திகதியைத் திருத்தினாலே பல பக்கங்கள் திறக்கும்.

இதற்கும் சரிவராவிட்டால் கடைக்குப் போங்கள். எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று பிள்ளையை எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்ததையே திரும்பப் பார்க்கக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.